சிப்பிப் பார்களும் அரசின் கடமையும்: செசபீக் விரிகுடா தரும் சான்று

அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களைத் தழுவிக் கிடக்கும் செசபீக் விரிகுடாவில், 1880-களில் மேரிலாந்துப் பகுதியில் மட்டும் ஓராண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி புஷல் சிப்பி எடுக்கப்பட்டது. இன்று கிடைப்பது அதில் சொற்பம். அளவுக்கு மீறிப் பிடித்ததே காரணம் என்று சொல்லி நிறுத்திவிட்டால் இந்த வீழ்ச்சியின் தன்மை விளங்காது. மீனைப் பிடித்தால் அது நீந்திய நீர் அங்கேயே இருக்கிறது. சிப்பியை வாரினால் அது வாழ்ந்த தரையும் கூடவே போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும் சிப்பிக்குஞ்சு, கெட்டியான பரப்பில், பெரும்பாலும் மூத்த சிப்பியின் ஓட்டில், ஒட்டினால்தான் பிழைக்கும். சேற்றில் விழுந்தால் மூச்சுமுட்டிச் சாகும். தலைமுறை தலைமுறையாக ஓட்டின்மேல் ஓடு ஏறி உயர்ந்த பார்களை வாரி இழுக்கும் இரும்புக் கருவிகள் தட்டையாக்கின. கரையேறிய ஓடு சாலைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போயிற்று. ஓட்டைத் திரும்பக் கடலில் போடுபவர் செலவு முழுவதையும் தாமே ஏற்கிறார். பலனோ போடாதவருக்கும் போகிறது. இந்த நிலையில் எந்தத் தனியாரும் பார் கட்ட முன்வரமாட்டார். ஆகவே அது அரசின் வேலை. அந்த அரசுப் பணம் குஞ்சு விடுவதோடு நின்றுவிடாமல், உயரமான தரைக்கும் அதன் நிலையான காப்புக்கும் செலவாக வேண்டும் என்பதே என் வாதம்.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு வர்ஜீனியாவில் விரிகுடாவில் கலக்கும் கிரேட் விக்கோமிக்கோ ஆறு தெளிவான சான்று. அங்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2004-இல் ஓட்டைக் கொட்டிப் பார்களை அமைத்தது. அவற்றில் சிப்பி எடுக்கத் தடை இருந்தது. சில பார்கள் 25 முதல் 45 சென்டிமீட்டர் உயரம். மற்றவை 8 முதல் 12 சென்டிமீட்டர்தான். ஷுல்டி, பர்க், லிப்சியஸ் ஆகியோர் 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, உயர்ந்த பார்களில் சிப்பிகளின் அடர்த்தி தாழ்ந்தவற்றைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். உயரத்தில் நீரோட்டம் வேகமாக ஓடி இரையைக் கொண்டு வருகிறது, வண்டலை அடித்துச் செல்கிறது. தாழ்ந்த பார் சில ஆண்டுகளில் சேற்றுக்குள் புதைகிறது. ஒரு சாண் உயரத்தில்கூட இவ்வளவு வேறுபாடு என்றால், மெல்லிய ஓட்டுப் பரப்பில் குஞ்சு விட்டு, வளர்ந்ததும் வாரிச் செல்லவிடும் பழைய திட்டங்கள் ஏன் பாரை மீட்கவில்லை என்பது புரியும். அவை மீன்பிடிக்குத் தரப்பட்ட மானியம். மீட்பு என்ற தலைப்பில் அவற்றைக் கணக்கெழுதுவது தவறு.

எதிர்வாதங்களில் கனமானது மீனவர்களுடையது. 2010-இல் மேரிலாந்து, சிப்பி எடுக்கத் தடையுள்ள காப்பகப் பரப்பை நல்ல பார்களில் ஏறத்தாழ கால் பங்காக விரித்தபோது அவர்களின் தொழிற்களம் சுருங்கியது. அம்மாநிலத்தின் ஹாரிஸ் கிரீக் என்ற கிளையாற்றில் ஏறத்தாழ 350 ஏக்கரில் பார் கட்டி, 200 கோடிக்கு மேல் குஞ்சு விடப்பட்டது. ஓட்டுக்குப் பஞ்சம் வந்ததால் சில இடங்களில் கருங்கல் கொட்டினார்கள். இரை கட்டிய நெடுங்கயிற்றால் நண்டு பிடிப்போர், கயிறு கல்லில் சிக்குகிறது என்று முறையிட்டனர். படகின் அடி இடிக்கிறது என்றும் புகார் எழுந்தது. அங்கேயே டிரெட் ஏவன் ஆற்றில் நடந்த பார் கட்டும் பணி 2016-இல் சில காலம் நிறுத்தியே வைக்கப்பட்டது. இந்தக் குறைகள் நியாயமானவை. ஆழத்தை முன்கூட்டி அளந்து, நண்டுத் தடங்களைத் தொழில் செய்வோரோடு உட்கார்ந்து குறித்து, நட்டத்துக்கு ஈடு கொடுத்தால் தீரக்கூடியவையும்கூட. காப்பகத்தைத் திறந்துவிடுவதால் அவை தீரா. திறந்த பார் மறுபடி தட்டையாகும், மீனவரின் பிள்ளைகளுக்கு அதுவும் மிஞ்சாது. நோயைக் காட்டுவோரும் உண்டு. 1950-களிலிருந்து டெர்மோ, எம்எஸ்எக்ஸ் என்ற இரு நோய்களும் சிப்பிகளைக் கொன்று குவித்தன, உண்மைதான். ஆனால் நோயைத் தாங்கி வளர்ந்த பெரிய சிப்பிகளைத்தான் அறுவடை முதலில் எடுத்துச் செல்கிறது. அவை முட்டையிட இடம் காப்பகத்தில்தான் இருக்கிறது.

வளர்ப்புப் பண்ணைகள் போதுமே என்பாருக்கும் பதில் உண்டு. பண்ணைகள் வரவேற்கத் தக்கவை. ஆனால் அங்கே பெரிதும் வளர்க்கப்படுவது இனப்பெருக்கத் திறனற்ற மும்மடியச் சிப்பி. கூண்டைத் தூக்கியதும் அடியில் தரை எதுவும் மிஞ்சாது. நீரைத் தெளிவாக்குவது, மீனுக்கு ஒதுங்கிடம் தருவது, கரையரிப்பைத் தணிப்பது என அறுவடை நீங்கலாகப் பார் தரும் பயன்களை, கிராபோவ்ஸ்கி தலைமையிலான ஆய்வுக் குழு 2012-இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5,500 முதல் 99,000 டாலர் என மதிப்பிட்டது. வீச்சு மிகப் பெரிது. கணக்காளருக்கு அது உறுத்தும். எனினும் கீழ்வரம்பில்கூட இப்பயனுக்கு விலை கேட்டு வாங்க யாராலும் இயலாது என்பதுதான் பொதுப்பணத்துக்கான காரணம். செசபீக் விரிகுடாவுக்கான 2014 ஒப்பந்தம் 10 கிளையாறுகளின் சிப்பிப் பார்களை 2025-க்குள் மீட்க இலக்கு வைத்தது; 2011-இல் வகுத்த அளவுகோலோ ஒவ்வொரு பாரையும் ஆறு ஆண்டு கழித்துச் சோதிக்கச் சொல்கிறது. அந்த ஆறாண்டுக்குப் பிறகும் காவல் படகுக்கும் கணக்கெடுப்புக்கும் ஆண்டுதோறும் நிதி வேண்டும். ஓட்டைத் திருப்பித் தருவோருக்கு மேரிலாந்து அளிக்கும் வரிச்சலுகை சரியான தொடக்கம். அதை, எடுக்கும் சிப்பிக்கு ஈடாக ஓடு திரும்பியே ஆகவேண்டும் என்ற உரிம நிபந்தனையாக மாற்றுவது அடுத்த சட்டத்தின் வேலை.