ஏழு புள்ளியும் ஒரு வெள்ளிப் பூட்டும்

இப்ப ஒன்லைன் கடைகளில் ஒரு பென்ரன் அடிக்கடி கண்ணில் படுது. ஏழு புள்ளிகள், அவற்றை இணைக்கிற கோடு, பார்த்தால் அகப்பை மாதிரி. கீழே “பழமையான தாவோ காவல் சின்னம்” எண்டு போட்டிருப்பார்கள். வாங்கிப் போடுறதும் விடுறதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஏழு புள்ளிகள் ஒரு கழுத்துக்கு வந்து சேர்ந்த கதை சின்னக் கதை இல்லை. அதில் ஒரு பேரரசனின் சாவு இருக்கு. பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ எண்டு பயந்த தாய் தகப்பன்மாரும் இருக்கினம்.

அரசனின் நட்சத்திரம்

நாங்கள் சப்தரிஷி மண்டலம் எண்டு சொல்லுற அதே ஏழு நட்சத்திரங்கள்தான் இவை. சீனர் அதில் முனிவர்களைக் காணவில்லை, அகப்பையைக் கண்டார்கள். பெயர் பெய்தௌ, அதாவது வட அகப்பை. எங்கட வானத்தில் அது உதித்து மறையும். ஈராயிரம் வருடங்களுக்கு முந்தின வட சீனாவில் அது மறைவதே இல்லை. இரவு முழுக்க வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னிரவில் அகப்பைக் காம்பு கிழக்கைக் காட்டினால் வசந்தம், தெற்கைக் காட்டினால் கோடை எண்டு பருவம் கணித்தார்கள்.

மறையாமல் நடுவில் நிண்டு காலத்தையே நடத்துற ஒண்டை அரசர்கள் விடுவார்களா? கி.மு. 100 அளவில் சிமா சியென் எழுதிய வரலாற்று நூல் அதை வானத்து அரசனின் தேர் எண்டு சொல்லுது. ஷான்டோங்கில் உள்ள வூ குடும்பத்து நினைவாலயத்தின் 2ஆம் நூற்றாண்டுக் கற்சிற்பம் ஒண்டில், அந்த அகப்பைத் தேரில் அரசன் ஏறியே இருக்கிறான்.

இந்த நம்பிக்கையை ஆகக் கடைசி வரை பிடித்துக்கொண்டு நிண்டவர் வாங் மாங். ஹான் வம்சத்திடமிருந்து ஆட்சியைப் பறித்து, கி.பி. 9இல் சின் எண்ட புது வம்சத்தைத் தொடங்கியவர். நாட்டில் கலகங்கள் மூண்டபோது, 17இல், எதிரிப் படைகளை அடக்கவெண்டு பெய்தௌ வடிவில் ஒரு உலோக அகப்பையை வார்ப்பித்தார். நீளம் 58 சென்ரிமீற்றர் அளவு. வார்த்த அண்டு கடும் குளிரில் ஆட்களும் குதிரைகளும் விறைத்துச் செத்ததாக ஹான் வரலாறு பதிந்திருக்கு. அவர் வெளியே போனால் அது முன்னால் போகும், உள்ளே இருந்தால் பக்கத்தில் இருக்கும்.

23இல் கலகக்காரர் தலைநகர் சாங்கானுக்குள் புகுந்தார்கள். அரண்மனை எரியுது. வாங் மாங் என்ன செய்தார்? சோதிட அதிகாரி பலகையைப் பார்த்து நேரம் சொல்லச் சொல்ல, அகப்பைக் காம்பு காட்டுற திசைக்குத் தன் இருக்கையைத் திருப்பித் திருப்பி அமர்ந்தார். பிறகு குளத்து நடுவிலுள்ள மேடைக்குத் தப்பி ஓடும்போதும் அந்த அகப்பையைக் கட்டிப்பிடித்தபடியே போனார். அங்கேயே வெட்டிக் கொன்றார்கள்.

எல்லாருக்கும் ஒரு நட்சத்திரம்

அரசன் செத்தான், நம்பிக்கை சாகவில்லை. அது கீழே இறங்கியது. 142இல் சிச்சுவான் பகுதியில் சாங் தாவோலிங் தொடக்கியதாகச் சொல்லப்படும் இயக்கத்தோடுதான் தாவோ ஒரு மதமாக அமைப்புப் பெற்றது. பழைய நட்சத்திர வழிபாட்டையும் தாவோ மதம் உள்வாங்கியது. அதன் குருமார் சடங்குகளில் ஏழு நட்சத்திரங்களின் வடிவத்தில் தரையில் அடியெடுத்து நடந்தார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு கணக்கில் இருக்கு. சீனரின் ஆண்டுச் சுற்று 12. எலி ஆண்டில் பிறந்தவர்களுக்கு முதலாம் நட்சத்திரம், குதிரை ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஏழாம் நட்சத்திரம், நடுவிலுள்ள ஐந்துக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள். கூட்டிப் பாருங்கோ, 12 சரியாக வரும். அதாவது பிறந்த எல்லாருக்கும் அரசனின் தேரில் ஒரு நட்சத்திரம் சொந்தம்.

4ஆம் நூற்றாண்டில் கான் பாவோ தொகுத்த கதை நூலில் ஒரு கதை வருது. ஒரு பெடியன் இளவயதில் சாவான் எண்டு குவான் லு எண்ட குறிசொல்பவர் கண்டுபிடிக்கிறார். தகப்பன் கெஞ்ச, ஒரு வழி சொல்கிறார். மதுவும் மான் வற்றலும் கொண்டுபோ. மல்பெரி மரத்தடியில் இரண்டு பேர் பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பினம். பேசாமல் ஊற்றிக் கொடு, கேட்டால் கும்பிடு. பெடியன் அப்பிடியே செய்கிறான். ஆட்ட மும்முரத்தில் இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவனைக் காண்கிறார்கள். வடக்கே இருந்தவர் ஏசுகிறார். தெற்கே இருந்தவர், அவன்ர சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டோமே எண்டு ஏட்டை வாங்கிப் பார்க்கிறார். ஆயுள் 19. சீனத்தில் 19ஐ எழுதும் இரண்டு எழுத்தையும் இடம் மாற்றினால் 90. மாற்றிவிடுகிறார். வடக்கே இருந்தது சாவைப் பதிகிற வட அகப்பை, தெற்கே இருந்தது பிறப்பைப் பதிகிற தென் அகப்பை.

கந்தோரில் கோவையோடு இருக்கிற இரண்டு எழுதுவினைஞர் மாதிரித்தான் இந்தத் தெய்வங்கள். விதி எழுதியாச்சு, ஆனால் கேட்டுப் பார்க்கலாம். தாயத்தின் வேலையும் அதுதான்: அது ஒரு விண்ணப்பம்.

கழுத்தில் ஏறிய விண்ணப்பம்

முதலில் அது வெறும் நூல். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் கையில் ஐந்து நிற நூல் கட்டினால் ஆயுதமும் பேயும் நோயும் அண்டாது எண்ட வழக்கத்தை 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் யிங் ஷாவோ எழுதி வைத்திருக்கிறார். ஹான் காலத்திலிருந்தே, பொருள் வாங்க உதவாத, காவலுக்கு மட்டும் வார்த்த காசுகளும் வந்தன. ஏழு நட்சத்திரங்களும் வாளும் ஆமையும் பாம்பும் அவற்றில் இருக்கும். ஐந்து முனை நட்சத்திரத்தை அங்கே தேடாதேங்கோ. சீன வான்படங்களில் நட்சத்திரம் எண்டால் சின்ன வட்டம்தான்.

மிங், சிங் காலங்களில் பிள்ளைகளின் கழுத்தில் வெள்ளிப் பூட்டு பரவலானது. “நீண்ட ஆயுள், நூறு வயது” எண்டு அதில் பொறித்திருக்கும். பிறந்து ஒரு மாதத்திலோ நூறாம் நாளிலோ போடுவார்கள். பிள்ளையின் உயிரை உடம்போடு பூட்டிவைக்கிற யோசனை அது. தொப்பிகளிலும் நகைகளிலும் நெற்றி புடைத்த, கையில் பீச் பழம் வைத்த ஒரு கிழவர் சிரிப்பார். அவர் தென்துருவ முதியவர், ஆயுளின் நட்சத்திரம். நாங்கள் அகத்திய நட்சத்திரம் எண்டு சொல்லுறது அவரைத்தான். யாழ்ப்பாணத்தில் மாசி மாதத்து இரவில் தெற்கே தெளிவாகத் தெரியுற அது, பீஜிங்கில் அடிவானத்துக்கு மேலேயே வராது. காணக் கிடைக்காத நட்சத்திரத்திடம் நீண்ட ஆயுள் கேட்டிருக்கினம்.

இந்தப் பூட்டுகளில் எங்களை நிறுத்திவைத்தது “நூறு வீட்டுப் பூட்டு”. பிள்ளை பிறந்த வீட்டார் அயலில் வீடு வீடாய்ப் போய்ச் சில்லறை சேர்ப்பார்கள். அந்தக் காசில்தான் பூட்டு செய்யவேணும். காசிருந்தாலும் தனியாக வாங்கினால் பலன் இல்லை எண்டு நம்பினார்கள். அதே மாதிரி, அயலவர் தந்த துண்டுத் துணிகளில் தைத்த “நூறு வீட்டுச் சட்டை”யும் உண்டு.

வெள்ளி அம்மையைத் தடுக்காது. அந்தப் பூட்டு போட்ட எத்தனையோ பிள்ளைகள் ஒரு வயதைக் காணவில்லை. ஆனால் வாங் மாங் தனக்கு மட்டும் வார்த்த அகப்பையையும் இந்தப் பூட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டும் ஒரே பயத்தில் பிறந்தவை. அவருடையதை ஆணை போட்டு வார்த்தார்கள். இதைச் செய்ய ஒரு தாய் நூறு படலையைத் தட்டவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ஆற்ற பிள்ளை எண்டு நூறு வீட்டுக்கும் தெரியும்.

ஒன்லைனில் ஓடர் பண்ணுற பென்ரனில் ஏழு புள்ளிகளும் சரியாகத்தான் இருக்கு. அந்த நூறு வீடும்தான் இல்லை.