ஊரை அலகாக வைத்த எல்லை: ஆர்.கே.பேட்டை வட்டாரம், 1953–1960

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டை வட்டாரம் 1953 முதல் 1960 வரை ஆந்திராவில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோதே திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்துவிட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, தெலுங்கு பேசுவோர் மிகுந்த மாவட்டம் என்று சித்தூர் மொத்தமாக அங்கே போயிற்று. மாவட்டத்துக்கு ஒரே கணக்கு என்றதால், தமிழ் பேசுவோர் மிகுந்த தென்கிழக்கு ஊர்கள் அதில் அடிபட்டுப்போயின.

இத்தகைய தமிழ் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கோரி ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, ஆந்திரா, சென்னை ஆகிய இரு மாநிலங்களும் எச்.வி.படாஸ்கரை நடுவராக ஏற்றன. அவர் மாவட்டத்தையும் வட்டத்தையும் விட்டு ஊரை அலகாகக் கொண்டார். ஓர் ஊரில் எந்த மொழியினர் அதிகம், அந்த ஊர் அதே மொழி ஊர்களோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்ற இரண்டும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. 1959-இல் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதி அங்கேயே நின்றது.

மொத்தக் கணக்கில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு மறைந்துபோகும் இதே சிக்கலைப் புள்ளியியலும் சந்தித்தது. அண்டை இடங்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டப் புள்ளியியலாளர் மோரன் 1950-இல் தந்த அளவை, வரைபடம் முழுவதற்கும் ஒரே எண்ணைத் தரும். கெட்டிஸ், ஆர்டு இருவரும் 1992-இலும், லூக் அன்செலின் 1995-இலும் இடத்துக்கு இடம் கணக்கிடும் அளவைகளை முன்வைத்தனர். அன்செலின் முறையில், ஓர் ஊர் மொத்தச் சராசரியிலிருந்து விலகும் அளவு, அண்டை ஊர்களின் சராசரி விலகலால் பெருக்கப்படும். உதாரணமாக ஒரு மொழி பேசுவோரின் மொத்தச் சராசரி 50 விழுக்காடு என்று கொள்வோம். 70 விழுக்காடுள்ள ஊரின் அண்டை ஊர்கள் 65 என்றால் 20 × 15 = 300; நேர்மறை, ஆகவே ஒத்த ஊர்களின் திரள். அண்டை ஊர்கள் 20 என்றால் 20 × (−30) = −600; எதிர்மறை, ஆகவே தனித்து நிற்கும் ஊர். எண்களை ஊர்களிடையே பலமுறை கலைத்துப் போட்டு, இந்த விடை தற்செயலாக வரக்கூடியதா என்றும் சோதிப்பார்கள்.

படாஸ்கர் முறையில் அந்தச் சோதனை இல்லை. பெரும்பான்மையும் தொடர்ச்சியுமே போதும். ஆயினும் இரண்டு முறைகளும் ஒரே வகை ஊரைப் பிரித்துக் காட்டுகின்றன. திரளாக இருந்த ஊர்கள் மாநிலம் மாறின. வேற்றுமொழி ஊர்களின் நடுவே தனித்து நின்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லையின் இருபுறமும் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.