வாழ்க்கைச் சுழற்சி முதலீடு

இந்தியாவின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில், சந்தாதாரரின் வயது ஏற ஏறப் பங்கு முதலீட்டைக் குறைத்து அரசுக் கடன்பத்திரங்களைக் கூட்டும் தானியங்கி ஒதுக்கீட்டு முறை. இத்திட்டம் 2004 ஜனவரி 1 முதல், ஆயுதப்படையினர் நீங்கலாக, மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தோருக்கு நடைமுறைக்கு வந்தது. 2009இல் பிற குடிமக்களுக்கும் திறக்கப்பட்டது. பங்கின் உச்ச அளவைக் கொண்டு எல்சி75, எல்சி50, எல்சி25 என முறைகள் வகைப்படும். நடுத்தரமான எல்சி50இல் 35 வயதுவரை பங்கு 50%, நிறுவனக் கடன்பத்திரம் 30%, அரசுப் பத்திரம் 20%. அதன்பின் பங்கு ஆண்டுதோறும் 2 புள்ளி குறைந்து 55 வயதில் 10% ஆகும். அரசுப் பத்திரம் 80% ஆக உயரும். ஓய்வுபெறும் தறுவாயில் சந்தை சரிந்தால் இழப்பை ஈடுகட்டக் காலம் இராது என்பதே இதன் அடிப்படை. வயதை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதால் பிற சேமிப்பு, கடன், குடும்பப் பொறுப்பு ஆகியவை கணக்கில் வருவதில்லை. இது முக்கியமான குறைபாடு. விகிதத்தைத் தாமே வகுக்க விரும்புவோருக்குத் தனித் தெரிவு உண்டு.