ராட்டினமும் வாயிற் கட்டணமும்

காஞ்சி வரதராசப் பெருமாள் கோவிலின் வைகாசித் திருவிழாவையொட்டிக் கூடும் கடைவீதிகளில் ராட்டினம் சுற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். வேடிக்கை பார்ப்பதற்குக் காசில்லை. ஏறுகிறவர் மட்டுமே கொடுப்பார். மகனை ஏற்றிவிட்டுத் தந்தை கீழே நிற்கலாம். செலவைச் சுருக்கிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருந்தது.

உல்லாசப் பூங்காக்களின் தாய் எனத்தக்க டிஸ்னிலாந்தும் ஏறத்தாழ இவ்வாறே தொடங்கிற்று என்பது வியப்புக்குரியது. 1955இல் கலிபோர்னியாவில் அது திறக்கப்பட்டபோது பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர், சவாரிகளுக்குத் தனிச்சீட்டு. 1982இல் அச்சீட்டுகள் ஒழிந்து, அனைத்துக்கும் சேர்த்து வாயிலிலேயே வாங்கும் முறை நிலைபெற்றது. 2024இல் நெரிசல்மிக்க நாள்களுக்கு 206 டாலர்! அன்றைய சவாரிச் செலவையும், பணமதிப்பின் வீழ்ச்சியையும் கணக்கிற் கொண்டாலும் இது பன்மடங்கேயாகும்.

அம்முறையே நம் நாட்டிலும் வேரூன்றியது. 2017இல் பூங்காக் கட்டணத்தின்மேல் 28 விழுக்காடு சரக்கு, சேவை வரி ஏறி, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. திருப்போரூரை அடுத்த இள்ளலூர் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர். அங்கே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவில் பெரியவர் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது. பெரியவர் நால்வரெனில் ஏறக்குறைய 6,000 ரூபாய். வண்டிச் செலவும் உணவும் வேறு.

பட்டு நெய்பவருக்குப் புடவைக் கணக்கில் கூலி. தறி நின்ற நாளில் வருவாய் இல்லை. அவர் வீட்டார் பெருநாள் விடுமுறையிலோ திருவிழா விடுமுறையிலோ புறப்பட்டால், வாயிலிலேயே அத்தனையையும் எண்ணிவைத்தாக வேண்டும். பாட்டியார் எதிலும் ஏறப்போவதில்லை. அவருக்கும் சீட்டு உண்டு.