ஹிஜ்ரி 1113: கடலுக்குள் கிடந்த ஒரு திகதி



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாத் தொழுது, சாப்பாடும் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் பத்தில் வரலாற்றுப் பாடம் முடியப் போகும் நேரம் ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், போனை வெச்சிக்கிட்டுப் புதையல் தேடுற விளையாட்டு ஒண்டு இருக்காம். ஜியோகேஷிங் எண்டு பேர். அதுல ஆகக் கஷ்டமானது எது சேர்? நம்மட ஊர்ல விளையாட ஏலாதா?"

மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல இருந்ததை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்க வேண்டிய விஷயம் இது.

முதலில் விளையாட்டு என்னவென்று பார்ப்போம். ஆழ்கடலுக்குப் போகும் நம்மட ஆக்களுக்கு ஜீபிஎஸ் புதிதல்ல. நல்ல மீன் விழுந்த பாரின் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை நேரே அங்கே போவார்கள். அந்த எண்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்ல மாட்டார்கள்! ஆனால் 2000ஆம் ஆண்டு வரை பொதுமக்களின் கருவி சரியான இடத்தைக் காட்டவில்லை. அமெரிக்க இராணுவம் செய்மதிச் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. நூறு மீற்றர் வரை பிசகும். 2000 மே 2ஆம் திகதி அந்தப் பிழையை நீக்கினார்கள்.

அடுத்த நாள், மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களையும் ஒரு கொப்பியையும் பென்சிலையும் போட்டு, மரங்களுக்கு நடுவில் வைத்தார். அந்த இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். கண்டுபிடிப்பவர் ஏதாவது ஒன்றை எடுக்கலாம், பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும். இவ்வளவுதான் ஒழுங்கு. சில நாட்களிலேயே ஆட்கள் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான பெட்டிகள் இப்படி இருக்கின்றன.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு புள்ளிகள் உண்டு. தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை. போய்ச் சேரும் பாதை எவ்வளவு கஷ்டம் என்பதற்கும் ஒன்று முதல் ஐந்து வரை. ஐந்துக்கு ஐந்து என்றால் மலையேறத் தெரிய வேண்டும், அல்லது சுழியோடத் தெரிய வேண்டும், விடுகதையும் அவிழ்க்கத் தெரிய வேண்டும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் 2300 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் இடத்தில் ஒன்று இருக்கிறது. 2008இல் ரிச்சர்ட் கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அங்கேயும் ஒன்றை வைத்தார்.

மகனே, அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஐந்துக்கு ஐந்து கொடுக்கத்தக்க ஒரு தேடல் நம்மட கடலோரத்திலேயே நடந்திருக்கிறது. அதை எவரும் விளையாட்டுக்காக ஒளித்து வைக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

கல்முனையிலிருந்து கரையோரமாகத் தெற்கே போங்கள். அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை, குமண. கும்புக்கன் ஓயாவையும் தாண்டி, யால காட்டின் கரை முடியும் பக்கத்தில் கிரிந்த என்ற மீனவர் ஊர் வரும். மலாய் முஸ்லிம்களும் வாழும் ஊர். அங்கிருந்து கடலுக்குள் ஏறக்குறைய 13 கிலோமீற்றரில் ஒரு கற்பார் கிடக்கிறது. ஆங்கிலத்தில் கிரேட் பாசஸ் என்பார்கள். ஆழம் குறைந்த இடத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்த பெயர். சிங்களத்தில் மகா ராவணா கொட்டுவ, அதாவது பெரிய இராவணன் கோட்டை.

இலங்கையைச் சுற்றிப் போன எத்தனையோ கப்பலுக்கு அந்தப் பார் எமனாக இருந்தது. அதனால்தான் ஆங்கிலேயர் ஸ்கொட்லாந்தில் வெட்டிய கருங்கல்லைக் கப்பலில் கொண்டுவந்து, நடுக்கடலில் அந்தப் பாரின் மேலேயே 37 மீற்றர் உயரத்தில் ஒரு வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். 1873இல் விளக்கு ஏற்றப்பட்டது.

அந்த இடத்தில் ஆழம் பெரிதல்ல. அலைதான் பிரச்சினை. வருடத்தில் பெரும்பகுதி அங்கே சுழியோட நினைக்கவே முடியாது. வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு முன், மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள் மட்டும் கடல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும்.

1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற சுழியோடி அங்கே போனார். கொழும்பில் குடியேறியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பங்காளி அவர். முதலாவது சிங்கள வர்ணப் படமான ‘ரன்முத்து தூவ’வை அடுத்த ஆண்டு இயக்கியவரும் அவர்தான். அன்று அவரோடு போனவர்கள் இரண்டு அமெரிக்கப் பையன்கள். ஒருவருக்கு 13 வயது, மற்றவருக்கு 14. நம்மட தரம் எட்டு, ஒன்பது பிள்ளைகளின் வயது. அவர்கள் கண்ணில் முதலில் பட்டது சிறிய பித்தளைப் பீரங்கி. பிறகு அதன் பக்கத்தில் வெள்ளிக் காசுகள்.

சும்மா சிதறிய காசுகள் மட்டுமல்ல. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன காசு மூட்டைகளும் இருந்தன. ஒரு பைக்கு ஆயிரம் காசு. ஒரு காசு சுமார் பதினொன்றரைக் கிராம் என்றால் ஒரு மூட்டை பதினொன்றரைக் கிலோ வெள்ளி. விஷயத்தை இரகசியமாக வைத்துக்கொண்டு, 1963இல் கிளார்க்கும் வில்சனும் மறுபடி போனார்கள். நம் நாட்டுச் சுழியோடி ரொட்னி ஜோங்க்ளாஸ் கூட இருந்தார். இந்த முறை பீட்டர் த்ரொக்மோர்ட்டனையும் சேர்த்துக்கொண்டார்கள். துருக்கிக் கடலில் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கப்பல் ஒன்றை 1960இல் முறையாக ஆய்வு செய்த குழுவில் இருந்தவர் அவர். இந்தக் கதையைக் கிளார்க் 1964இல் புத்தகமாகவும் எழுதினார்.

இனித்தான் உண்மையான தேடல். காசு கிடைத்தது. ஆனால் கப்பல் எது? எங்கிருந்து வந்தது? யாருடையது?

காசைத் தூக்கிப் பார்த்தால் அதில் ஒரு எண். நம்மட குர்ஆன் மதரசாவில் ஓதுகிற சின்னப் பிள்ளையும் ஒரே பார்வையில் வாசித்துவிடும் எண். மூன்று ஒன்றும் ஒரு மூன்றும். 1113. ஹிஜ்ரி ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1701 ஜூனுக்கும் 1702 மேக்கும் இடைப்பட்ட காலம். ஒளரங்கசீப் பாதுஷாவின் ஆட்சி. அச்சடித்த இடம் சூரத்.

ஒளரங்கசீப்பின் காசில் கலிமா இருக்காது. அவருக்கு முன்பிருந்த முகலாய அரசர்கள் பலர் கலிமாவைப் பொறித்தார்கள். காசு எல்லார் கையிலும் புழங்கும், நிலத்தில் விழும், காலில் மிதிபடும், கலிமா அப்படி ஆகக் கூடாது என்று அவர் நிறுத்திவிட்டார். அதற்குப் பதில் அவர் பெயர் வரும் பாரசீக வரிகளும், அச்சடித்த ஊரும், ஆண்டும்.

கிடைத்த காசுகள் எல்லாவற்றிலும் அதே ஒரு ஆண்டு. இதுதான் பெரிய துப்பு. நம் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எடுத்துப் பாருங்கள், பத்து விதமான ஆண்டு இருக்கும். புழங்கின காசு அப்படித்தான். ஒரே ஆண்டுக் காசு ஆயிரம் ஆயிரமாகப் பையில் கிடந்தால், அது கடைக்கும் சந்தைக்கும் போகாமல் அச்சுச்சாலையிலிருந்து நேரே கப்பல் ஏறியது என்று அர்த்தம். ஆகவே அந்தக் கப்பல் 1113இலோ அதற்குப் பிறகு அதிக காலம் போகாமலோ புறப்பட்டிருக்க வேண்டும். சூரத் அன்று பெரிய வியாபாரத் துறைமுகம். ஹாஜிமார் கப்பல் ஏறிய இடம் என்பதால் மக்காவின் வாசல் என்றும் பெயர். அங்கிருந்து வங்காளத்துக்கோ கிழக்கு நாடுகளுக்கோ போகிற கப்பல் இலங்கையைத் தெற்கால் சுற்றினால், இந்தப் பார் வழியில் வரும். பீரங்கி இருந்ததிலும் ஆச்சரியமில்லை. 1695இல்தான் ஒளரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலைக் கடற்கொள்ளையர் மக்காவிலிருந்து திரும்பும் வழியில் பிடித்தார்கள். அந்தப் பயம் எல்லாக் கப்பலிலும் இருந்த காலம்.

பாருங்கள், காசில் இருந்த ஓர் எண்ணும் ஓர் ஊர்ப் பெயரும் எவ்வளவு பேசிவிட்டன! ஆனால் அதற்கு மேல் கதவு மூடிக்கொண்டது. கப்பலின் பெயர் இன்றுவரை உறுதியாகவில்லை. மாலுமி யார், எத்தனை பேர் மூழ்கினார்கள், எவராவது நீந்திக் கரை சேர்ந்தார்களா, ஒன்றும் இல்லை. சூரத்தில் எத்தனை உம்மாமார் எத்தனை காலம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. வெள்ளி மிஞ்சியது, பெயர் மிஞ்சவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பெயர் தெரியாமல் ஜனாஸாக்களை அடக்கிய கரை இது. அந்த வலி நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

த்ரொக்மோர்ட்டன் போன்றவர்கள் ஏன் "எடுக்காதே, முதலில் வரை" என்று சொல்கிறார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது. எந்தப் பொருள் எதற்குப் பக்கத்தில், எந்தத் திசையில் கிடந்தது என்பதே ஒரு சாட்சி. தூக்கிய பிறகு அந்தச் சாட்சி வாய் திறக்காது. நமக்கு இது புதிய பாடமுமல்ல. தவறிக் கிடக்கும் பொருளைக் கண்டவர் அதன் பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஒரு வருடம் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று நபிகளார் (ஸல்) கற்றுத் தந்திருக்கிறார்கள். முதலில் அடையாளம், பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்போது நம்மட ஊருக்கு வருவோம்.

புதையல் என்றதும் நம் நாட்டில் பலருக்கு ஞாபகம் வருவது மண்வெட்டியும் இரவு நேரமும்தான். பழைய இடங்களைத் தோண்டிக் கைதானவர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. பிள்ளைகளே, தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றம். உங்கள் சொந்த வளவு என்றாலும் தொல்பொருள் தேடித் தோண்ட முடியாது. தோண்டாவிட்டாலும் கவனம் தேவை. 2019 ஜனவரியில் நம்மட ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர், ஹொரவப்பொத்தானை கிரலாகல தூபியில் ஏறி எடுத்த படங்களுக்காகக் கைதானார்கள். விளக்கமறியல், நீதிமன்றம், அபராதம் என்று எவ்வளவு அலைச்சல். பெற்றோர் பட்ட பாடு இந்தக் கரைக்குத் தெரியும். பிறர் புனிதமாக மதிக்கும் இடத்தில் கால் வைப்பதற்கு முன் நாம் யோசிக்க வேண்டும். நம்மட ஸியாரத்தின் மேல் ஒருவர் ஏறி நின்று படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஜியோகேஷிங்கின் சட்டமும் இதுதான். பெட்டியைப் புதைக்கக் கூடாது, தேடுபவர் தோண்டக் கூடாது, நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். ஐந்துக்கு ஐந்து தேடலில் உயிரைப் பணயம் வைத்துப் போய்ச் சேர்ந்தவரும், கடைசியில் செய்வது கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைப்பதுதான்.

அந்தக் கொப்பிதான் நம்மிடம் இல்லை. 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்கள் 4000 பேரைக் கண்டி அரசன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம். அந்தக் காசு அச்சடிக்கப்படுவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முந்திய செய்தி. ஆனால் "எங்கட மூத்தவாப்பாட வாப்பா எங்க அடக்கப்பட்டார்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? கடற்கரைப் பக்கத்து மீஸான் கட்டைகளில் சிலவற்றைச் சுனாமி கொண்டுபோனது. பழைய உறுதிகள், அரபுத் தமிழ்க் கிதாபுகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள் பல வீடுகளில் கறையானுக்கு இரையாகின்றன.

ஆகவே அந்த மாணவனுக்கு என் பதில்: விளையாட ஏலும் மகன். அடுத்த தவணையில் நாமே விளையாடுவோம். மண்வெட்டி வேண்டாம். ஒரு போன், ஒரு கொப்பி, ஒரு பேனை போதும். ஊரின் பழைய கிணறுகள், பழைய பள்ளி இருந்த இடம், பெயர் எழுதிய மீஸான்கள், சுனாமிக்கு முன் இருந்த தெருக்கள், இப்படி ஒவ்வொன்றாகப் போவோம். பள்ளி நிர்வாகத்திடமும் வளவுக்காரரிடமும் அனுமதி கேட்போம். இடத்தின் எண்ணைக் குறிப்போம். தொடாமல் படம் எடுப்போம். அந்தத் தெருவின் மூத்தம்மாவிடம் அது என்னவென்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதி, அவர் பெயரையும் திகதியையும் கீழே போடுவோம். இதில் ஆகக் கஷ்டமான தேடல் எதுவென்று சொல்லட்டுமா? கடல் அல்ல. ஞாபகம் உள்ள ஒரு மூத்தம்மாவை அவர் மௌத்தாகும் முன் போய்ச் சேர்வதுதான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரியில் பழைய உறுதியோ, கிதாபோ, காசோ இருந்தால் விற்றுவிடாதீர்கள், பழைய பேப்பரோடு போட்டும் விடாதீர்கள். ஒரு படம் எடுத்து, அது யாரிடமிருந்து வந்தது என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். திகதியையும் போடுங்கள், ஹிஜ்ரியில் போட்டாலும் சரி.

வஸ்ஸலாம்.