செட்டிநாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் உள்ளூர் அறிவும் குலக்கல்வியின் நிழலும்

செட்டிநாட்டுப் பண்பாடு என்றதும் முகப்பும் வளவும் தேக்குத் தூண்களும் கண்முன் வந்து நிற்கின்றன. அந்த வீட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பெரும்பாலும் சென்னையிலும் கடல் கடந்தும் படிக்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு பிள்ளைகள். கொத்தனார், சித்தாள், வயற்கூலி, சமையலாள், தளக்கல் பட்டறைத் தொழிலாளி என்று அவர்களுடைய பெற்றோரின் பிழைப்பு பலவிதம். எனவே பண்பாட்டில் வேரூன்றிய கற்பித்தல் வேண்டும் என்று இவ்வட்டாரத்தில் கேட்பவர், யாருடைய பண்பாடு என்பதற்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். உள்ளூர் அறிவு வகுப்பறைக்குள் வரத்தான் வேண்டும். ஆனால், அது எந்தப் பிள்ளையின் பரம்பரைப் பாத்தியதையாகவும் வராமல், அனைவருக்கும் பொதுவான பாடப்பொருளாக வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேரூன்றிய கல்வி இங்கே புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதப் பழகிய பையன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். நெல்லிலக்கம், பொன்னிலக்கம் என்று நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் வேண்டிய வாய்பாடுகள் தனித்தனியே இருந்தன. இந்த மனக்கணக்கு மரபை செந்தில்பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுப் பையன் இந்தக் கணக்கோடு கப்பலேறி, பர்மாவிலோ மலேயாவிலோ லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். அடுத்தாளாகி, மேலாளாகி, வாய்ப்பிருந்தால் முதலாளியும் ஆனான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற குறை அந்தப் படிப்பைப் பற்றி எழ வழியில்லை. ஆனால் அதே திண்ணையில் தலித் பிள்ளைகளுக்கு இடமில்லை. பெண்பிள்ளைகள் ஏறியதும் அரிது. மண்ணோடு ஒட்டிய கல்வி அந்த மண்ணின் படிநிலையோடும் ஒட்டியிருந்தது. திண்ணைக் கல்வியைப் புகழும் இன்றைய கட்டுரைகள் பல இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன.

இதே முடிச்சு 1953இல் சென்னை மாநிலத்தில் அரசியலாக வெடித்தது. ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரமே பள்ளி. மீதிப் பொழுதில் அவர்கள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். எதிர்த்தவர்கள் அதற்கு இட்ட பெயர் குலக்கல்வித் திட்டம். எதிர்ப்பு வலுத்து ராஜாஜி பதவி விலகினார்; 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தகப்பன் தொழில் லேவாதேவி என்றால் அதைப் பழகுவது முதலீடு, மண் சுமப்பது என்றால் அதைப் பழகுவது தண்டனை என்பதை எதிர்த்தவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். கோட்டையூரில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்த அழகப்பச் செட்டியார்கூட 1947இல் காரைக்குடியில் தொடங்கியது வணிகக் குடும்பத்துக்கான தொழிற்பள்ளியை அன்று, அனைவருக்குமான கல்லூரியை. கைத்தொழிலை வகுப்புக்குள் கொண்டுவரும் எந்த யோசனையும் தமிழ்நாட்டில் 1953க்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

பதில் சொல்ல முடியும் என்றே கருதுகிறேன். இவ்வட்டாரத்து ஆத்தங்குடித் தளக்கல்லை எடுத்துக்கொள்வோம். பட்டறையில் கண்ணாடித் தகட்டின்மேல் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ உலோக அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சை அசையாமல் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்த கல் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியைப் பிரித்தால் அடிப்பக்கம் மேற்பக்கமாகி, மெருகு ஏற்றாமலே பளபளக்கிறது. பல வடிவங்களில் 4 கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் ஒரு முழுப்பூ கிடைக்கும். கால் திருப்பம், அரைத் திருப்பம், சமச்சீர், பரப்பளவு, பின்னம் ஆகிய எல்லாமே அந்த 4 கல்லில் அடங்கியிருக்கின்றன. பார்வையற்ற பிள்ளையும் அச்சின் விளிம்பை விரலால் தடவி அதே கணக்கை, அதே குழுவில், அதே நேரத்தில் செய்யலாம். அவனுக்கென்று மூலையில் தனிப் பாடம் தேவையில்லை. உள்ளடக்கிய கல்வி என்று நான் சொல்வது இதைத்தான்.

பட்டறைத் தொழிலாளியின் மகளை எழுப்பி, நீ சொல்லம்மா, உங்கள் வீட்டு வேலைதானே என்று ஆசிரியர் கேட்டுவிட்டால் அந்தப் பாடம் கெட்டது. பாராட்டாகக் கேட்டாலும் அவள் சாதியும் தொழிலும் கரும்பலகையில் எழுதப்பட்டுவிடுகின்றன.

பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கைப் பள்ளி காணத் தவறுவது உலகளாவிய குறை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளியானது. கடையில் 100க்கு 98 கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னவர்கள், அதே கணக்கைத் தாளில் வெறும் எண்களாகத் தந்தபோது 37க்கே சரியாகச் சொன்னார்கள். 35 விலையுள்ள தேங்காய் 10 என்ன விலை என்றதற்கு, ஒரு சிறுவன் மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டே போனான். பூச்சியம் சேர்க்கும் பள்ளி வழியை அவன் நாடவில்லை. சந்தையில் அம்மாவோடு காய் விற்கும் நம் பிள்ளை தாளில் திணறும்போது, கணக்கு வராத பிள்ளை என்று முத்திரை குத்துமுன் இந்த ஆய்வை நினைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கென 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது நல்ல மாற்றம். ஆயினும் பயிற்சி நூல் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. செயலியில் மதிப்பீடு ஏற்றும் வேலையும் ஆசிரியர் தலையில் விழுகிறது. உள்ளூர்ப் பாடத்தை அவர் தனியே உருவாக்கட்டும் என்று விட்டால் அது நடக்காது. குறுவள மையக் கூட்டங்களில் அந்தந்த வட்டார ஆசிரியர்கள் கூடி, ஆண்டுக்குச் சில பாடங்களை எழுதிப் பகிர்ந்துகொள்வதே நடக்கக்கூடிய வழி. கல் வார்ப்பவரும் ஓலைக் கொட்டான் முடையும் பெண்ணும் வகுப்புக்கு வரட்டும். தம் பிள்ளை படிக்கும் வகுப்புக்கென்று இல்லாமல் வேறு பள்ளிக்கும் வரட்டும். விருந்தினராகச் சும்மா வராமல் மதிப்பூதியம் பெறும் கருத்தாளராக வரட்டும். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது முறையன்று.