ஏறிய மறுவருஷமே இறங்கும் நீலச்சட்டை

கிரிக்கெட் பேசாதவனுக்குத் திருச்சி பாலக்கரை டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் எங்கள் பக்கம் ஃபுட்பால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததென்றால் அதற்குப் பொன்மலைதான் காரணம். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை அங்கே வந்தது. கூடவே காலனியும் மைதானங்களும் வந்தன. எங்கப்பா அந்தப் பணிமனையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து ஜி கார்னர் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிவிட்டு, முழங்கால் சிராய்ப்போடு வருவார். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா திட்டித் தீர்ப்பாள்.

அந்த ரத்தம். 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கிச் சென்னையின் எஃப்சி வந்ததும் நம்ம ஊர் டீம் என்று ஒட்டிக்கொண்டேன். முதலாளிகளில் அபிஷேக் பச்சனும் தோனியும் இருந்தார்கள். எனக்கு அதுவல்ல விஷயம். கோச் மட்டராஸி, 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடானிடம் முட்டு வாங்கிய மனுஷன்! காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் போவோம், நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்துவோம், ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடித்துத் திரும்புவோம்.

முதல் வருஷமே லீக்கில் முதலிடம். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் மூன்று கோல் போட்டு அனுப்பியது. சென்னையில் நாங்கள் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம். கடைசி நேரத்தில் அடித்தது ஜேஜே. கூடுதல் நேரம் போய், 117-ஆவது நிமிஷத்தில் கேரளாவின் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கதையை முடித்தார். அன்றைக்கு ரயிலில் எதிர் சீட்டில் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையோடு ஒருவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேக்கிலிருந்து துண்டை எடுத்துச் சட்டைமேல் போர்த்திக்கொண்டார். நல்ல மனுஷன்.

2015 டிசம்பரில் சென்னையே வெள்ளத்தில் கிடந்தது. நம்ம மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். கோவாவில் ஃபைனல். 87-ஆவது நிமிஷம் கோவா 2-1 முன்னிலை. டிவியை அணைக்கப் போனேன். அதற்குள் கோவா கோல்கீப்பரே பந்தைத் தன் வலைக்குள் விட்டார், அடுத்து மெண்டோசா. 3-2, கோப்பை. மறுவருஷம்? எட்டு அணிகளில் ஏழாமிடம்.

அதற்கு ஒரு சமாதானம் உண்டு. அப்போதைய ஐ.எஸ்.எல். பத்து வாரத் திருவிழா. கடனுக்கு வந்த ஆட்டக்காரர்கள் பந்தல் பிரித்ததும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆனால் 2018-க்கு என்ன சமாதானம் சொல்வது? ஃபைனலில் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தினோம். மெயில்சன் தலையால் இரண்டு கோல். அடுத்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, பத்தில் பத்தாமிடம். பின்வரிசையில் செரினோவும் கால்டெரோனும் இல்லை. வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷுக்கு முழங்கால் போயிற்று. இந்த ஓட்டைகளைக் கோப்பை மயக்கத்தில் யாரும் அடைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அதே சீசனில் சென்னை சிட்டி என்ற இன்னொரு அணி, சத்தமில்லாமல் கோயம்புத்தூரில் ஆடி, ஐ-லீக் பட்டத்தையே வாங்கியது. 2019 மார்ச் 9. கோயம்புத்தூர் எங்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். பாலக்கரை ஸ்டேஷன் வழியாகத்தான் தண்டவாளம் அங்கே போகிறது. ஆனாலும் நாங்கள் கடைசி இடத்து அணிக்காகச் சென்னைக்கே ரயில் ஏறினோம். அந்தச் சென்னை சிட்டியும் இன்று தேசிய லீக்கில் இல்லை.

2019-20 சீசனின் பாதியில் ஓவன் காயில் வந்து ஃபைனல்வரை இழுத்துப்போனார், கொல்கத்தாவிடம் தோல்வி. அவர் போனபின் லாஸ்லோ, பாண்டோவிச், பிரிடாரிச் என்று வருஷத்துக்கு ஒரு கோச். மூன்று வருஷமும் எட்டாமிடம். 2023-இல் வளர்த்து ஆளாக்கிய கேப்டன் அனிருத் தாப்பாவும் மோகன் பகானுக்குப் போனார். காயில் திரும்பி வந்து ஆறாமிடம் காட்டினார். 2024-25-இல் பதிமூன்றில் பதினொன்று.

எங்கள் பாலக்கரை டீக்கடைச் சேட்டன் பிளாஸ்டர்ஸ் கட்சி. கொச்சியில் கூட்டம் சேரும், கோப்பை மட்டும் சேராது. "ஐ.எஸ்.எல். கோப்பை எத்தனை சேட்டா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு ரெண்டு. கடைசியா எப்போ?"

"ஒரு டீ போடுங்க, சர்க்கரை கம்மியா."